வழியில் இருக்கும் நெல்லுக்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் நெல் கிடங்கில் 1994 முதல் 2023 வரை 29 ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். இப்போது வீட்டில் இருக்கிறேன். போன மாதம் என் அண்ணன் மகன் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தான். நண்பர்களோடு சேர்ந்து விதைநெல்லும் உரமும் வாங்கி விற்கிறான். சிறியதாக ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். கணக்குக்கு மென்பொருள் போட்டாகிவிட்டது என்று மடிக்கணினியைத் திறந்து காட்டினான். திரையில் இரண்டே பொத்தான். ஒன்று 'வந்தது', இன்னொன்று 'போனது'. "எவ்வளவு சுலபம் பாருங்க அத்தை" என்றான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் டெல்டாவில் கிடங்கு வைத்திருக்கும் எல்லோர் காதிலும் போட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். சிறு ஆலைகள், விதைக்கடைகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று பலரும் இப்போது நோட்டை மூடிவிட்டுக் கணினிக்கு மாறுகிறார்கள். மாறும்போதே சரியாக மாறிவிட்டால் நல்லது. கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல் ஒரே எட்டில் கிடங்குக்குள் வந்துவிடுவதில்லை. கோட்டூர் பக்கம் ஒரு களத்தில் விலை பேசி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, சாக்கைத் தைத்து, பணத்தைக் கொடுத்தவுடன் அது எங்கள் நெல். ஆனால் கிடப்பது இன்னும் அந்த ஊர்க் களத்தில். லாரி ஏறினால் வழியில் இருக்கிறது. ஆலைக்கு வந்து எடைமேடையில் நின்றால் வாசலில் இருக்கிறது. ஈரம் பார்க்கும் வரை முன்கொட்டகையில் இறங்கிக் காத்திருக்கிறது. ஈரப்பத மெஷின் 17 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினால் களத்துக்குக் காயப் போகிறது. அதற்கப்புறம்தான் அட்டி, அதாவது சிப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அடுக்கு, ஏறுகிறது, அட்டிக்கு எண் விழுகிறது, அட்டை தொங்குகிறது. சாதாரண நாளில் இதற்கு ஒரு பகல் போதும். தை, மாசி அறுவடையில் மூன்று நாள்கூட ஆகும். அந்த மூன்று நாளும் நெல் எங்கே இருந்தது என்று கேட்டால், ஒற்றைப் பொத்தான் மென்பொருளிடம் பதில் இருக்காது. பில் போட்ட நிமிடத்திலேயே அது நெல்லை அட்டியில் ஏற்றிவிட்டிருக்கும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று அண்ணன் மகன் கேட்டான். என்ன கெட்டது என்பதைச் சொல்கிறேன்.

2015, தை மாதக் கடைசி. இரண்டு லாரி நெல் வரவேண்டும். ஒன்றில் 250 சிப்பம், மற்றதில் 210. இரண்டுக்கும் கொள்முதல் பில் மதியமே கைக்கு வந்துவிட்டது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிந்தவள் நான்தான். 250-ஐ அட்டி 3 என்றும் 210-ஐ அட்டி 7 என்றும் போட்டேன். அப்படித்தான் இறக்கப்போவதாக மேஸ்திரி காலையில் சொல்லியிருந்தார். சாயந்திரம் 6 மணிக்கு நான் வீட்டுக்குக் கிளம்பியபோது என் கணக்கில் 460 சிப்பமும் அட்டியில் இருந்தன. லாரிகளோ நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தன. அந்தக் கேட்டைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. மன்னார்குடிப் பாதை பிரியும் இடம். சரக்கு ரயிலில் நெல் ஏற்றுவதும் இங்கேதான். எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும்போது கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு லாரியும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. கைக்குக் கிடைத்த ஆட்களை வைத்து மேஸ்திரி அவசரமாக இறக்கினார். வாசலில் எண்ணியவன் 23 வயதுப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மொத்தம் 460 என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டான். அவன் எண்ணியது சரி.

மாசியில் புழுங்கலுக்கு ஊறவைப்பதற்காக அட்டி 3-ஐப் பிரித்தோம். 204 சிப்பம்தான் இருந்தது.

மிச்சம் 46 எங்கே? அட்டையில் 250, கணினியில் 250, வாசல் சீட்டில் அந்தப் பையனின் கையெழுத்து. முதலாளி கெட்டவர் இல்லை. கணக்கு காட்டியதை நம்பினார். அந்தக் கணக்கைக் காட்டியது நான். 46 சிப்பம் என்றால் 1,840 கிலோ. அன்றைய விலைக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். பையனின் சம்பளம் 7,500. மாதம் 3,000 பிடித்தார்கள். ஐந்து மாதம் பேசாமல் வாங்கிக்கொண்டான். ஆறாவது மாதம் அவன் வரவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

பழைய நெல்லாக வைத்திருந்த அட்டி 7-ஐ ஆவணியில் பிரித்தோம். அதில் 256 இருந்தன. மழையில் இறக்கிய அவசரத்தில் ஒரு லாரியின் கடைசி நெல் மற்றதன் அட்டியில் ஏறியிருக்கிறது. நெல் கிடங்கை விட்டு வெளியே போகவே இல்லை.

முதலாளி அன்றே 15,000 ரூபாயை எடுத்து, என்னையே போய்க் கொடுத்துவரச் சொன்னார். பையனின் அம்மா அந்தப் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. "எம்புள்ள எடுக்கலன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கம்மா. ஊர்ல காட்டணும்" என்றார். ஆலையின் முத்திரை போட்டு எழுதிக் கொடுத்தேன். அவன் திரும்ப வேலைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து நான் யோசித்தது ஒன்றைத்தான். நான் எந்த இடத்தில் பொய் எழுதினேன்? எண் எதிலும் பொய் இல்லை. இன்னும் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாக எழுதினேன், அதுதான். லாரியில் இருந்த நெல்லை அட்டியில் இருப்பதாக எழுதினேன். அந்த நேரத்தில் 'லாரியில்' என்று எழுத என் கணக்கில் இடமே வைத்திருக்கவில்லை.

என் அப்பா படிக்காதவர். வலங்கைமான் பக்கத்தில் ஒரு மிராசுதார் களத்தில் மரக்காலால் நெல் அளந்தவர். கதிர் அடித்துத் தூற்றி முடித்தால் பொலி குவியும். இருட்டுவதற்குள் அளக்க முடியாவிட்டால் குவியலின் மேல் சாணியைக் கரைத்து முத்திரை இடுவார்கள். காலையில் முத்திரை கலையாமல் இருந்தால்தான் அளவு தொடங்கும். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். அளந்தது ஒருபக்கம், அளக்காதது ஒருபக்கம் என்று நடுவே ஆள் நின்று பிரித்து வைத்திருப்பார்கள். பத்தாயத்துக்குப் போன பிறகு அங்கே தனியாக இன்னொரு எண்ணிக்கை. அடித்தது, குவித்தது, அளந்தது, பத்தாயத்தில் போட்டது என்று நான்கும் அவர்களுக்கு நான்கு வேறு நிலை. கணினி வந்ததும் நான் அந்த நான்கையும் ஒன்றாக்கிவிட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

46 சிப்பத்தோடு பாடம் கற்றுக்கொண்டோம் என்று சொல்ல ஆசைதான். கற்றுக்கொள்ளவில்லை. மூன்று வருடம் அப்படியே ஓட்டினோம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் ஆலையின் மேற்குக் கொட்டகைக் கூரைத் தகடுகள் முழுதும் பிய்த்துக்கொண்டு வயலில் கிடந்தன. மின்சாரம் வர இருபது நாள் ஆனது. காப்பீட்டுக்காகச் சேதம் பார்க்க வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "15-ஆம் தேதி ராத்திரி இந்தக் கூரைக்குக் கீழே எத்தனை சிப்பம் இருந்தது?" எங்களிடம் மொத்த இருப்பு 6,180 சிப்பம் என்ற எண் இருந்தது. எந்தக் கூரைக்குக் கீழே எத்தனை என்பது இல்லை. அந்த வாரம் வந்த குறுவை நெல் ஈரம் பார்க்காமல் அந்தக் கொட்டகையில்தான் கிடந்தது என்று மேஸ்திரிக்குத் தெரியும், சுமைதூக்குபவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தாளில் இல்லை. கணக்கில் அது அட்டிகளுக்குள் நல்ல நெல்லாக உட்கார்ந்திருந்தது. வந்தவர் கேட்டதில் தவறில்லை. நாங்கள் சொன்ன எண்ணில் பாதிக்குத்தான் இழப்பீடு வந்தது.

அதற்கப்புறம்தான், 2019 தொடக்கத்தில், உட்கார்ந்தோம். குடவாசல் பக்கத்துப் பையன் ஒருவன், சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவன், பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தான். என் கதையை முழுதும் கேட்டுவிட்டு, "அக்கா, புது மென்பொருள் அப்புறம் பார்க்கலாம். முதலில் இருப்பதிலேயே செய்து காட்டுகிறேன்" என்றான். டேலியில் கிடங்குப் பெயர்கள் எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஒரு லாரியையும் கிடங்கு என்று உருவாக்கலாம் என்பது தோன்றியதே இல்லை. 'வழியில்', 'முன்கொட்டகை', 'காயும் களம்' என்று மூன்று பெயர் போட்டான். ஸ்டாக் ஜர்னல் என்ற சரக்கு மாற்றும் பதிவு மூலம் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கச் சொன்னான். ஒரு ரூபாய் செலவில்லை. இதைப் படிக்கும் சின்ன ஆலைக்காரர்கள் யாராவது டேலி வைத்திருந்தால் நாளைக்கே செய்யலாம்.

ஆறு மாதம் அப்படி ஓடியது. எங்கள் வேலைக்கு அது போதவில்லை. அட்டி எண் வேண்டும், யார் பதிந்தார் என்பது வேண்டும், வாசலில் இருப்பவர் கைப்பேசியிலேயே பதிய வேண்டும். அதே பையன் ஓடூ என்ற மென்பொருளை அமைத்துக் கொடுத்தான். அதில் சரக்கு உள்ளே வருவதை ஒரு கட்டமாகவோ, இரண்டு கட்டமாகவோ, மூன்று கட்டமாகவோ பதியலாம். மூன்று என்று தேர்ந்தெடுத்தால் வரவுப் பகுதி, தரச் சோதனை, இருப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சீட்டு பிறக்கும். முதல் சீட்டு முடிந்தால்தான் அடுத்தது 'தயார்' என்று காட்டும். வெளியே போவதற்கும் அதேபோல: அட்டியிலிருந்து எடுப்பது, சிப்பமிடுவது, லாரியில் அனுப்புவது. இதன் அடிப்படை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் கணக்கில் எதுவும் காற்றில் தோன்றாது, காற்றில் மறையாது. ஒவ்வொரு அசைவும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு. விற்றவர் ஓர் இடம், வாங்கியவர் ஓர் இடம், இழப்புக்கும் தனியாக ஓர் இடம். வியாபாரத்தில் பற்று வரவு எழுதுகிறோமே, அதே முறை. ரூபாய்க்குப் பதில் நெல்.

அதில் ஒரு கேள்வி வரும். 250 வரவேண்டிய சீட்டில் 204 என்று எண்ணிப் போட்டால், அது பேசாமல் ஏற்றுக்கொள்ளாது. மீதி 46-க்குத் தனிச் சீட்டு போட்டு வைக்கவா என்று கேட்கும். முதன்முதல் அந்தப் பையன் உதாரணத்துக்கு அப்படி ஒரு குறைவைப் போட்டுக் காட்டியபோது, எண்களை நான்தான் சொன்னேன். 250, 204. திரையில் அந்தக் கேள்வி வந்ததும் என்னால் பேச முடியவில்லை. 2015 தை மாதத்து இரவில் அந்தக் கேள்வியை யாராவது ஒருவர், ஒரு மனிதரோ மெஷினோ, கேட்டிருந்தால் போதும். மறுநாள் காலையிலேயே அட்டி 7-ஐ எண்ணியிருப்போம்.

மென்பொருள் வந்ததால் எல்லாம் நேராகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் மாத முடிவில் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று கட்டமும் சாயந்திரம் 7.10, 7.11, 7.12 என்று விழுந்திருந்தன. எனக்கு உதவியாக வந்த பெண், பாவம், பகலெல்லாம் சீட்டுகளைச் சேர்த்துவைத்து வீட்டுக்குப் போகும்முன் மூன்று முறை அழுத்தியிருக்கிறாள். அது கட்டப் பதிவே இல்லை. பழைய ஒற்றைப் பொத்தானை மூன்று தடவை அழுத்தியதுதான். தப்பு அவளுடையது இல்லை. நெல் வாசலில் இருக்கும்போது வாசலில் இருப்பவர்தான் பதிய வேண்டும். கொட்டகையில் இருக்கும்போது மேஸ்திரி. நெல்லைத் தொடுகிறவர் கையில் பதிவைக் கொடுக்காமல் அலுவலக அறையில் வைத்திருந்தது எங்கள் தவறு. வாசல் காவலருக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். அவருக்கு 58 வயது. எழுத்துக் கூட்டிப் படிப்பார். 'ரிசீப்ட்', 'இன்புட்' என்றெல்லாம் இருந்த பெயர்களை 'வாசல்', 'கொட்டகை', 'களம்', 'அட்டி' என்று மாற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, "அம்மா, கொட்டகையில நேத்து வண்டி இன்னும் ஏறாம நிக்குது பாருங்க" என்றார். மென்பொருள் செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: கட்டங்களின் பெயரைத் தமிழில், அதுவும் அந்த இடத்து ஆட்கள் வாயில் இருக்கும் சொல்லில் வையுங்கள். இங்கே யாரும் 'இருப்பிடம்' என்று சொல்வதில்லை.

ஆசையில் கட்டங்களை அதிகமாகவும் வைத்துவிடக் கூடாது. நாங்களும் ஒரு சமயம் ஏழு வரை கூட்டினோம். எடைமேடைக்கு ஒன்று, ஏற்றுமேடைக்கு ஒன்று என்று. அறுவடை நெருக்கடியில் யாராலும் முடியவில்லை, நான்காகக் குறைத்தோம். நெல் ஓர் இடத்தில் ஓர் இரவு தங்குமானால், அல்லது பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுமானால், அங்கே ஒரு கட்டம். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம். என் அண்ணன் மகனின் விதைக்கடைக்கு இரண்டே போதும். மின்சாரம் இல்லாத நாளுக்கு வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று நிறத்தில் சீட்டுக் கட்டும் தயாராக இருக்க வேண்டும். கஜாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காய்வு பற்றி அவசியம் சொல்ல வேண்டும். நேர்மையான தொழிலாளிகள் பலர் திருட்டுப் பழி சுமப்பது இதனால்தான். 17 சதவீத ஈரத்தில் 40 கிலோ பிடித்த சிப்பம் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 38.6 கிலோ. ஒரு சாக்குக்கு 1.4 கிலோ தண்ணீர் ஆவியாகிவிட்டது. 250 சிப்பம் உள்ள லாரிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 350 கிலோ. அதாவது கிட்டத்தட்ட 9 சிப்பத்தின் எடை. யாரும் எடுக்கவில்லை; வெயில் எடுத்துக்கொண்டது. வாசல் எடையையும் அரவைக்குப் போன எடையையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது குறைவாகத்தான் தெரியும். களத்துக்குப் போகும்போது ஈரம் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு என்று அந்தக் கட்டத்தில் பதிந்தால், குறைவுக்குக் காரணம் அந்த வரியிலேயே இருக்கும். நாங்கள் இழப்புக்கு ஒரே பெயர் வைக்காமல் 'காய்வு', 'சிந்தல்', 'எலி' என்று மூன்று இடம் வைத்தோம். சாக்கு எண்ணிக்கையையும் கிலோவையும் இரண்டையும் எழுதுங்கள். சாக்குக்கு 40 கிலோ என்று மென்பொருளே பெருக்கிக்கொள்ளும்படி விட்டால் அது தண்ணீரையும் நெல்லாக எண்ணும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. வண்டுக்கு மருந்து வைக்கும்போது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைத்து அட்டியை உறையால் மூடி, ஓரமெல்லாம் மணல் பைகளால் அழுத்தி, ஐந்து முதல் ஏழு நாள் விட்டுவைப்போம். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு வண்டைக் கொல்வதுபோலவே ஆளையும் கொல்லும். இருப்பு என்ற ஒரே எண் மட்டும் தெரியும் திரையில், மூடிய அட்டியும் திறந்த அட்டியும் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நாள், மருந்து வைத்த மூன்றாம் நாள், அந்த அட்டியிலிருந்து 60 சிப்பம் எடுக்கச் சீட்டுப் போய்விட்டது. உறையைப் பிரிக்கப்போன ஆளை மேஸ்திரி பார்த்துக் கத்தினார், தப்பித்தோம். அதன்பின் 'மூட்டத்தில்' என்று ஓர் இடம் உண்டாக்கி, அனுப்பும் இருப்பில் அது சேராதபடி தனியே வைத்தோம். காற்றாட விட்டு, பாதுகாப்பு என்று உறுதியான பிறகுதான் அது மறுபடி அட்டிக்கு வரும்.

வெளியே போகும் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 2022 ஜூலை 18-க்குப் பிறகு 25 கிலோ வரை பாக்கெட் செய்து பெயர் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைகள் பல 26 கிலோ பைக்கு மாறின. ஒரே அரிசி இரண்டு அளவுப் பையில் கிடந்த அந்த மாதங்களில், சிப்பமிடுவது தனிக் கட்டமாக இருந்ததால் நாங்கள் குழம்பவில்லை. அவ்வளவுதான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பையனின் சம்பளத்தில் பிடித்தபோது நடப்பில் இருந்தது 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கும் சட்டம். அது எனக்கு அன்று தெரியாது, பின்னால் படித்தேன். ஒரு தொழிலாளியிடம் காவலுக்கென்று வெளிப்படையாக ஒப்படைத்த பொருள், அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ குறைந்தால்தான் சம்பளத்தில் பிடிக்கலாம். அதுவும் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகு. அப்படியானால் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை சிப்பம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று முதலாளிதான் காட்ட வேண்டும். கட்டம் கட்டமாகப் பதியாத கிடங்கில் அதைக் காட்டவே முடியாது. பையனிடம் வாசலில் 460 ஒப்படைக்கப்பட்டது. 460-ஐ அவன் உள்ளே விட்டான். அட்டி 3-க்கு அவன் பொறுப்பே இல்லை. இதைச் சொல்ல அன்று எங்களிடம் ஒரு வரிப் பதிவு இருந்திருந்தால் அவனுக்குத் திருட்டுப் பட்டம் வந்திருக்காது. கிடங்கு முதலாளிகளை நான் கைகூப்பிக் கேட்பது: குறைவு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று தெரியாதவரை யார் சம்பளத்திலும் கை வைக்காதீர்கள்.

அரசு நெல் கொள்முதலுக்கும் இது பொருந்தும் என்பதால் ஒன்று சொல்கிறேன். என் கொழுந்தனார் மூன்று ஏக்கர் சம்பா அறுத்து, ஒரு கொள்முதல் நிலையத்து வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார். முறை வர ஒன்பது நாள் ஆனது. நடுவில் இரண்டு மழை. தார்ப்பாய் போட்டும் அடி நெல் முளைவிட்டது. எடை போட்டு ரசீது கொடுக்கும் நாளில்தான் அவருடைய நெல்லுக்குப் பிறந்த தேதி. அதற்கு முந்தைய ஒன்பது நாளுக்கு அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. குவியலைக் கொட்டிய அன்றே 'வந்து சேர்ந்தது, எடைக்குக் காத்திருக்கிறது' என்று ஒரு பதிவு, தேதியோடும் ஈர அளவோடும் போட்டுக் கொடுத்தால் என்ன? அது வாங்கியதாக ஆகாது, பணம் தரவேண்டியதில்லை. ஆனால் எந்த நிலையத்து வாசலில் எத்தனை குவியல் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று மாவட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் அன்றே பார்க்கலாம். சாக்கும் லாரியும் எங்கே முதலில் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்யலாம். நனைந்த நெல்லுக்கு ஈர அளவு வரம்பில் தளர்வு கேட்டு நிற்கும்போது விவசாயியின் கையிலும் ஒரு தாள் இருக்கும். பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

அண்ணன் மகன் அன்று ராத்திரி தங்கினான். சாப்பிட்டதும் இருவரும் உட்கார்ந்து அவன் மென்பொருளில் 'வண்டியில்' என்றும் 'முன்கொட்டகை' என்றும் இரண்டு இடம் சேர்த்தோம். அடுத்த வாரம் தொலைபேசியில் பேசினான். விதைநெல் 80 மூட்டை வந்ததாம். உள்ளே எண்ணியபோது 78. மீதி இரண்டுக்குச் சீட்டு போடவா என்று கேட்டதாம். போட்டுவிட்டு வண்டிக்காரருக்குப் போன் செய்திருக்கிறான். இரண்டு மூட்டை வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்ததாம். மறுநாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொன்னான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிடங்குக் கணக்கர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.